வாரம் ஒரு பென்னி: இங்கிலாந்து ஏழைகளின் சாவுச் செலவு

முதலில் ஒரு பில்லைப் பாருங்க.

அடக்கச் செலவு - 1 பவுண்டு 12 ஷில்லிங்
இறப்புச் சான்றிதழ் - 1 ஷில்லிங் 3 பென்ஸ்
குழி வெட்டியவர்களுக்கு - 2 ஷில்லிங்
சவ வண்டியோடு வந்தவர்களுக்கு - 2 ஷில்லிங்
குளிப்பாட்டி உடுத்திவிட்ட பெண்ணுக்கு - 2 ஷில்லிங்
இன்சூரன்ஸ் ஏஜெண்ட்டுக்கு - 1 ஷில்லிங்
பூ - 6 பென்ஸ்
அப்பாவுக்குக் கருப்பு டை - 1 ஷில்லிங்

மொத்தம் 2 பவுண்டு 1 ஷில்லிங் 9 பென்ஸ். (அந்தக் காலக் கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. கூட்டிப் பார்த்துட்டேன், சரியா வருது.)

லண்டனில் லாம்பெத் பகுதியில் செத்துப்போன ஒரு குழந்தையின் அடக்கச் செலவு இது. மாட் பெம்பர் ரீவ்ஸ் என்ற பெண்மணி 1913-ல் வெளியிட்ட 'ரவுண்ட் அபவுட் எ பவுண்ட் எ வீக்' புத்தகத்தில் இருக்கு. தலைப்பே விஷயத்தைச் சொல்லிடுது. வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு பவுண்டில் ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்று ரீவ்ஸும் அவரோட தோழிகளும் வீடு வீடாகப் போய்க் கணக்கு எழுதினார்கள். வாடகை, கரி, ரொட்டி, மார்ஜரின் என்று பென்னி பென்னியாக வரவு செலவு.

அந்தப் பட்டியல்களில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஒரு வரி தவறாமல் வருது. சாவு இன்சூரன்ஸ். பிள்ளைக்கு வாரம் ஒரு பென்னி, அம்மாவுக்கு இவ்வளவு, அப்பாவுக்கு இவ்வளவு. பிள்ளைக்குப் பால் வாங்கக் காசில்லாத வீட்டில், அதே பிள்ளை செத்தால் புதைப்பதற்கு வாராவாரம் காசு போகுது! அன்றைய மத்தியதர வர்க்கத்துக்கு இது புரியவே இல்லை. 'இந்த ஏழைகளுக்குக் காசோட அருமை தெரியாது' என்று பேசினார்கள். இத்தனைக்கும் காசில்லாதவர்களை அரசாங்கச் செலவில் புதைக்க அந்த நாட்டில் சட்டம் இருந்தது. 300 வருஷமாக இருந்தது.

இலவசமாகக் கிடைக்கிற ஒன்றைத் தவிர்க்க ஒரு ஜனமே ஏன் பட்டினி கிடந்து பணம் கட்டணும்? எனக்கு இந்தக் கேள்விதான் மண்டையைக் குடைந்தது. நாலைந்து புத்தகம் புரட்டியதில் கிடைத்தது இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

பங்குச் செலவில் ஒரு அடக்கம்

1601-ல், முதலாம் எலிசபெத் ராணி காலத்தில், இங்கிலாந்தில் ஏழைகள் சட்டம் ஒழுங்கான வடிவத்துக்கு வந்தது. ஒவ்வொரு பாரிஷும் (நம்மூர் கிறிஸ்தவர்கள் 'பங்கு' என்று சொல்வார்களே, அதுதான்) தன் எல்லைக்குள் இருக்கிற ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். சொத்து உள்ளவர்களிடம் வரி வசூலித்து, அதைச் செலவு செய்ய மேற்பார்வையாளர்களை நியமிக்கணும். வயசானவர்களுக்கு வாரப்படி, விறகு, துணி, கடைசியில் அடக்கம்.

இந்த மேற்பார்வையாளர்கள் எழுதிவைத்த கணக்குப் புத்தகங்கள் இங்கிலாந்தின் ஆவணக் காப்பகங்களில் இன்னைக்கும் குவிந்து கிடக்கு. இன்னாருக்குச் சவப்பெட்டி, இன்னாருக்குக் கோடித் துணி, மணி அடித்தவருக்குக் கூலி, தூக்கிப் போனவர்களுக்கு ரொட்டியும் பீரும். பீர்தான் எனக்கு முக்கியமாகப் படுது. ஊர்க் காசில் ஒருத்தரைப் புதைக்கும்போதும், தோள் கொடுத்தவர்களுக்கு ஒரு வாய் பீர் வாங்கித் தரணும் என்று ஊருக்குத் தோணியிருக்கு. அது அடக்கம், வெறும் குப்பை அகற்றும் வேலை இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கு.

சில ஊர்களில் பெட்டிக்குக் கூட வழியில்லை. அங்கே பங்குக்குச் சொந்தமாக ஒரே ஒரு பொதுச் சவப்பெட்டி. பிணத்தைத் துணியில் சுற்றி அதில் வைத்துக் கொண்டுபோய், குழியில் துணியோடு இறக்கிவிட்டு, பெட்டியைத் திரும்ப எடுத்து வந்துடுவார்கள். அடுத்த ஆளுக்கும் அதே பெட்டி. யார்க்‌ஷயரில் ஈஸிங்வோல்ட் என்ற ஊர் தேவாலயத்தில் அப்படி ஒரு பெட்டியை இன்னமும் வைத்திருக்கிறார்கள்.

உடனே 'ஆஹா, அந்தக் காலம் பொற்காலம்' என்று போயிடக் கூடாது. 1697-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, உதவி வாங்கும் ஏழைகள் சட்டையில் 'பி' என்ற எழுத்தைத் தைத்துக்கொண்டு திரியணும். சாகக் கிடக்கும் வெளியூர்க்காரரை, செலவு நம்ம தலையில் விழுந்துடுமே என்று பக்கத்துப் பங்கு எல்லைக்குள் தள்ளிவிட்டு வந்த கதைகளும் நிறைய. ஆனாலும் செத்த பிறகு? துணியோ பெட்டியோ, உள்ளூர்க் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி மண் உறுதி. அதைப் பற்றி யாருக்கும் பயமில்லை.

பயம் வந்தது எப்போ என்றால், பிணத்துக்கு விலை வந்தபோது.

பிணத்தின் விலை

1752-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஒரு சட்டம் போட்டது. கொலைக் குற்றவாளியைத் தூக்கில் போட்டால் மட்டும் போதாது. உடம்பை அறுத்துப் பாடம் நடத்த மருத்துவர்களிடம் கொடுக்கணும், இல்லைன்னா சங்கிலியில் கட்டித் தொங்கவிடணும். எந்த நிலையிலும் புதைக்கக் கூடாது. தூக்கைவிட இது பெரிய தண்டனையாக மக்களுக்குப் பட்டது. உடல் முழுசாக இருந்தால்தான் கடைசி நாளில் உயிர்த்தெழ முடியும் என்று நம்பியவர்கள் அவர்கள்.

இந்தப் பக்கம் லண்டனிலும் எடின்பரோவிலும் மருத்துவப் பள்ளிகள் பெருகிக்கொண்டே போச்சு. தூக்கில் போட்ட கொலைகாரர்களின் உடல் எத்தனை பேருக்குக் காணும்? கள்ளச்சந்தை பிறந்தது. ராத்திரியில் கல்லறையைத் தோண்டிப் பிணம் திருடும் கும்பல்கள் கிளம்பின. சட்டத்தில் இதற்கு ஒரு ஓட்டையும் இருந்தது. பிணம் யாருடைய சொத்தும் கிடையாது, அதனால் அதை எடுத்தால் 'திருட்டு' ஆகாது! ஆனால் பிணத்தின் மேலே கிடக்கும் துணியை எடுத்தால் திருட்டு. அதனால் கவனமாகத் துணியைக் கழற்றிக் குழியிலேயே போட்டுட்டு உடம்பை மட்டும் கொண்டு போனார்கள்.

பணக்காரர்கள் இரும்புச் சவப்பெட்டி வாங்கினார்கள், காவலுக்கு ஆள் போட்டார்கள். ஏழைகளின் பொதுக் குழியோ, நிறையும்வரை அரைகுறையாகத்தான் மூடியிருக்கும். திருடனுக்கு அதைவிட வசதி என்ன வேணும்?

1827 நவம்பரில் எடின்பரோவில் ஒரு தங்கும் விடுதியில் வயசான முன்னாள் ராணுவக்காரர் ஒருத்தர் நோயில் செத்துப்போனார். விடுதிக்காரர் வில்லியம் ஹேருக்கு அவர் 4 பவுண்டு வாடகை பாக்கி. அடக்கம் பங்குச் செலவில் ஏற்பாடாகி, தச்சர் பெட்டியும் கொண்டுவந்து கொடுத்துட்டார். ஹேரும் அவர் கூட்டாளி வில்லியம் பர்க்கும் என்ன செய்தார்கள் தெரியுமா? உடலை எடுத்துவிட்டு, பெட்டிக்குள் தோல் பதனிடும் மரப்பட்டையைப் போட்டு நிரப்பி ஆணி அடித்துவிட்டார்கள். ஊர்க் காசில் மரப்பட்டை நல்லடக்கம் ஆச்சு. உடல் டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறு வகுப்புக்கு 7 பவுண்டு 10 ஷில்லிங்குக்குப் போச்சு. பாக்கி போக லாபம் 3 பவுண்டு 10 ஷில்லிங்.

அடுத்த நோயாளி தானாகச் சாகும்வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமையில்லை. ஒரு வருஷத்துக்குள் 16 பேரைக் கொன்று விற்றார்கள். 1829 ஜனவரியில் பர்க் தூக்கில் தொங்கினார். 1752 சட்டப்படி அவர் உடலும் அறுக்கப்பட்டது. எலும்புக்கூடு இன்னமும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கு. காட்டிக்கொடுத்த ஹேர் தப்பித்துவிட்டார். 1831-ல் லண்டனிலும் இதே மாதிரி கொலைகள் நடந்து பிடிபட்டன. இனிமேல் சும்மா இருக்க முடியாது என்ற நிலை அரசாங்கத்துக்கு.

'யாரும் உரிமை கோராத'

1832 ஆகஸ்டில் உடற்கூறியல் சட்டம் நிறைவேறியது. இந்தக் கதையின் திருப்பமே இங்கேதான்.

இனிமேல் கொலைகாரர்களின் உடல் அறுப்பதற்குக் கிடையாது. அதற்குப் பதிலாக, ஒரு உடலைச் 'சட்டப்படி வசம் வைத்திருப்பவர்' அதை மருத்துவப் பள்ளிக்குக் கொடுக்கலாம். செத்தவர் உயிரோடு இருக்கும்போது வேண்டாம் என்று எழுத்தில் சொல்லியிருந்தாலோ, கடைசி நோயின்போது இரண்டு சாட்சிகள் முன் சொல்லியிருந்தாலோ, அல்லது நெருங்கிய உறவினர் தடுத்தாலோ கொடுக்கக் கூடாது. அறுத்து முடித்த பிறகு முறையாக அடக்கம் செய்யணும்.

படிக்கும்போது நியாயமாத்தான் தெரியும். நம்ம பாஷையில் சொன்னால் 'ஆப்ட்-அவுட்' வசதி இருக்கு. ஆனால் சாப்ட்வேரில் நாலு வருஷம் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும், டீபால்ட் எதுவோ அதுதான் பாலிசி. எழுதப் படிக்கத் தெரியாத, ஜுரத்தில் முனகிக்கொண்டிருக்கிற ஒரு கிழவி இரண்டு சாட்சியைக் கூப்பிட்டு வைத்து சட்டப் பிரிவு சொல்லியா மறுக்கப் போறாள்?

சரி, யார் அந்த 'சட்டப்படி வசம் வைத்திருப்பவர்'? ஆஸ்பத்திரி நிர்வாகம். ஒர்க்ஹவுஸ் நிர்வாகம். ஒர்க்ஹவுஸ் என்றால் போக்கிடமில்லாத ஏழைகளை உள்ளே வைத்து, கல் உடைக்க விட்டுக் கஞ்சி ஊற்றும் விடுதி. அங்கே செத்தவரை 'உரிமை கோர' யாரும் வரவில்லை என்றால் மருத்துவப் பள்ளிக்கு.

இந்த 'உரிமை கோருதல்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. காகிதத்தில் அதற்கு அர்த்தம் 'சொந்தக்காரர் யாரும் இல்லை' என்பது. நடைமுறையில், உடலைக் கேட்டு வருபவர் அடக்கச் செலவையும் ஏற்கணும். கையில் காசில்லாத மகன், தானே இன்னொரு ஒர்க்ஹவுஸில் இருக்கும் தங்கச்சி, ஆறு பிள்ளையோடு ஒற்றை அறையில் இருக்கும் மகள்... இவர்களால் எப்படிக் கேட்டு வர முடியும்? அப்போ அந்த உடல் அனாதைப் பிணமாயிடுது. ஆள் அனாதை கிடையாது. சொந்தக்காரர்களின் பாக்கெட்தான் காலி.

ரூத் ரிச்சர்ட்சன் என்ற வரலாற்றாசிரியர் 1987-ல் 'டெத், டிஸெக்‌ஷன் அண்ட் தி டெஸ்டிட்யூட்' என்று ஒரு புத்தகம் எழுதினார். இந்தப் பொருளில் அதைத் தாண்டி எதையும் படிக்கத் தேவையில்லை என்று சொல்லலாம். அவர் கணக்குப்படி, சட்டம் வந்த முதல் நூறு வருஷத்தில் லண்டன் மருத்துவப் பள்ளிகளில் சுமார் 57,000 உடல்கள் அறுக்கப்பட்டன. அதில் ஏழைகளுக்கான நிறுவனங்களைத் தவிர வேறு இடத்திலிருந்து வந்தவை அரை சதவீதம்கூடக் கிடையாது. எண்பது வருஷமாகக் கொலைக்குத் தண்டனையாக இருந்தது, அன்றிலிருந்து ஏழ்மைக்குத் தண்டனையானது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

சட்டத்துக்கு ஆதரவாகப் பேசியவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்றும் சொல்ல முடியாது. தத்துவவாதி ஜெரமி பெந்தம் இதற்காக ரொம்ப நாளாக வாதாடியவர். 1832 ஜூனில் செத்தபோது தன் உடம்பையே அறுக்கக் கொடுத்தார். உடுத்தி உட்கார வைத்த அவர் எலும்புக்கூடு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இன்னும் இருக்கு. மனுஷன் சொன்னதைச் செய்தார். ஆனால் அவருக்குத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தது. அவர் உடம்பைச் சுற்றி நண்பர்கள் நின்றார்கள்.

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 1832 இங்கிலாந்தில் காலரா வருஷம். செப்டம்பரில் மான்செஸ்டர் காலரா ஆஸ்பத்திரியில் செத்த ஒரு சின்னப் பையனின் பெட்டியைத் தாத்தா சந்தேகத்தில் திறந்து பார்க்க, தலை இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் இருந்தது. ஊரே திரண்டு போய் ஆஸ்பத்திரியை உடைத்தது. அதற்கு முன்பே லிவர்பூலில் பல நாள் கலவரம். டாக்டர்கள் அறுப்பதற்காகவே கொல்கிறார்கள் என்று ஜனம் நம்பியது. மடத்தனம் என்று தோணலாம். பர்க், ஹேர் கதையைக் கேட்டு வெறும் நாலு வருஷம்தான் ஆகியிருந்தது!

இரண்டு வருஷம் கழித்து, 1834-ல், புது ஏழைகள் சட்டம். உதவி வாங்குபவன் நிலைமை, உழைக்கிறவர்களிலேயே அடிமட்டத்தில் இருப்பவன் நிலைமையைவிட மோசமாக இருக்கணும், அப்பதான் சோம்பேறிகள் வரமாட்டார்கள் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. உயிரோடு இருக்கிறவனை மிரட்ட வைத்த கொள்கை, செத்தவனுக்கும் பொருந்திப்போச்சு. சவப்பெட்டிக்கு டெண்டர். யார் குறைச்சலாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கு. மெல்லிய பலகை, பெயர் கிடையாது, கல் கிடையாது, ஒரே குழியில் அடுக்கடுக்காக. டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆலிவர் வேலைக்குப் போகும் முதல் இடம் ஒரு சவப்பெட்டிக்காரர் கடை, அவர்தான் பங்குக்கு அடக்க காண்டிராக்ட் எடுத்தவர். அந்த நாவல் வந்தது 1837-லிருந்து 1839 வரை. டிக்கன்ஸ் கற்பனை பண்ணவே தேவையில்லாமல் எல்லாம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

ஆன்சைட்டில் லண்டன் போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை, லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனிலிருந்து நடந்து கிராஸ்போன்ஸ் என்ற இடத்துக்குப் போனேன். ஏழைகளைப் புதைத்த மைதானம் அது. சுமார் 15,000 பேர் அங்கே இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இனி இடமே இல்லை என்று 1853-ல் மூடினார்கள். 1990-களில் மெட்ரோ ரயில் வேலைக்காகக் கொஞ்ச இடம் தோண்டியபோது மட்டும் 148 எலும்புக்கூடுகள் கிடைத்தன. இரும்புக் கதவு முழுக்க ரிப்பன், பூ, பொம்மை, கையால் எழுதின பெயர்கள் கட்டித் தொங்குது. ஒவ்வொரு மாசமும் 23-ம் தேதி ஜனங்கள் கூடி மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். 170 வருஷத்துக்கு அப்புறம் ஒரு ஊரே வந்து 'உரிமை கோருது'. எனக்குச் சந்தோஷமா, வருத்தமா என்று சொல்லத் தெரியவில்லை.

பென்னிப் பட்டியல்

இப்போ அந்த வாரம் ஒரு பென்னிக்கு வருவோம்.

பயத்துக்கு மருந்து ஏழைகளே கண்டுபிடித்தார்கள். அடக்கச் சங்கம். நம்ம சீட்டு மாதிரிதான். வாரம் கொஞ்சம் கட்டினால் வீட்டில் யாராவது செத்தால் மொத்தமாகக் காசு. ஆரம்பத்தில் மதுக்கடைகளிலும் தேவாலயக் கூடங்களிலும் நடந்தது. பொருளாளர் பணத்தோடு ஓடிப்போவதும் உண்டு. (சீட்டு என்றாலே உலகம் முழுக்க இது உண்டு போலிருக்கு!) பிறகு பெரிய கம்பெனிகள் வந்தன. 1848-ல் தொடங்கிய புரூடென்ஷியல் 1854-ல் ஏழைகளுக்கான பென்னிப் பாலிசி கிளையை ஆரம்பித்தது. ஏஜெண்ட் வாரா வாரம் வீட்டு வாசலுக்கே வந்து வாங்கிப் போவார்.

மேல்தட்டு இதை எப்படிப் பார்த்தது? இன்சூரன்ஸ் பணத்துக்காகப் பிள்ளைகளையே கொல்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அப்படி ஒன்றிரண்டு விஷம் வைத்த வழக்குகள் நடந்ததும் உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு ஏழைத் தாய்மார்கள் அத்தனை பேர் மேலும் சந்தேகம். 1875 சட்டப்படி 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 6 பவுண்டுக்கு மேல் இன்சூரன்ஸ் பணம் கிடையாது. 10 வயதுக்குக் கீழே 10 பவுண்டு.

ரீவ்ஸ் இந்த விஷயத்தில் நேர்மையானவர். இந்தக் காசு உயிரோடு இருக்கிற பிள்ளைகளின் சாப்பாட்டிலிருந்து போகிறது என்று அவருக்கு வருத்தம். ஆனாலும் தாய்மார்களைத் திட்டவில்லை. அரசாங்க அடக்கத்தோடு சேர்ந்து வரும் அவமானம்தான் காரணம் என்று புரிந்துகொண்டார். பில்லில் பாருங்க, பூ வெறும் 6 பென்ஸ்தான். டை ஒரு ஷில்லிங். ஆடம்பரம் என்று சொல்லப்பட்டது இவ்வளவுதான். 'இவன் என் பிள்ளை, கேட்க ஆள் இருக்கு' என்று தெருவுக்குச் சொல்ல ஆன செலவு அது.

1942-ல் வில்லியம் பெவரிட்ஜ் தன் புகழ்பெற்ற அறிக்கைக்காகக் கணக்கெடுத்தபோது, பிரிட்டனில் இந்த மாதிரிப் பாலிசிகள் பத்து கோடிக்கு மேல் இருந்தன. நாட்டின் ஜனத்தொகை அப்போ ஐந்து கோடிகூட இல்லை. ஆளுக்கு இரண்டு! கட்டிய பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏஜெண்ட், ஆபீஸ் என்று நிர்வாகச் செலவுக்கே போனது. பயத்தை உண்டாக்கியது ஒரு சட்டம். அந்தப் பயத்தின் மேல் ஒரு பெரிய தொழிலே நின்றது.

20 பவுண்டு

பெவரிட்ஜ் சொன்ன யோசனை எளிமையானது. சாவு எல்லாருக்கும் வரும், நிச்சயம் வரும். அப்போ எல்லாரிடமும் ஒரே இன்சூரன்ஸில் வாங்கி எல்லாருக்கும் கொடுத்துடலாம். பெரியவர்களுக்கு 20 பவுண்டு, குழந்தைகளுக்குக் குறைவாக. பணக்காரனா ஏழையா என்ற கேள்வியே கிடையாது. 1946 தேசிய காப்பீட்டுச் சட்டத்தில் இது இடம்பெற்றது. 1949 ஜூலை 5 முதல் கையில் கிடைத்தது. அன்றைக்கு அந்தத் தொகையில் ஒரு எளிய அடக்கத்தை முடித்துவிடலாம்.

இடையில், 1948-ல் தேசிய உதவிச் சட்டம் பழைய ஏழைகள் சட்டத்தை மொத்தமாகக் குழிதோண்டிப் புதைத்தது. (ஆமாம், அரசாங்கச் செலவில்தான்.) அதன் 50-வது பிரிவு, வேறு ஏற்பாடு இல்லாத உடலைப் புதைப்பதோ எரிப்பதோ உள்ளாட்சியின் கடமை என்றது.

இதில் ஒரு வயிற்றெரிச்சல். 1948 ஜூலையில் ஏற்கனவே ஓய்வூதிய வயசைத் தாண்டியிருந்தவர்களுக்கு இந்த 20 பவுண்டு கிடையாது. சந்தா கட்டவில்லையே! ஒர்க்ஹவுஸைக் கண்ணால் பார்த்து, வாழ்க்கை பூரா அந்த அவமானத்துக்குப் பயந்த தலைமுறைக்கு மட்டும் கிடையாது. அவர்கள் பழைய பென்னிப் பாலிசியை விடாமல் கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

இருந்தாலும் பெரிய காரியம்தான் அது. முதல் முறையாக, அடக்கத்துக்குப் பணம் வாங்குவது பிச்சை இல்லை, உரிமை. டியூக் செத்தாலும் 20, டிரைவர் செத்தாலும் 20.

அப்புறம் நடந்தது புரோகிராமர்களுக்கு உடனே புரியும். 20 என்பதை ஹார்ட்கோட் பண்ணிட்டார்கள். விலைவாசியோடு தானாக ஏறுகிற மாதிரி எழுதவில்லை. 1958-ல் 25 ஆச்சு. 1967-ல் 30. அதோடு நின்னுபோச்சு. 1970-களின் பணவீக்கத்தில் எல்லாம் தாறுமாறாக ஏற, 30 மட்டும் 30-ஆகவே இருந்தது. 1980-களில் அடக்கச் செலவு பல நூறு பவுண்டு. 30 பவுண்டில் பூ வாங்கலாம், கூட ஒரு கருப்பு டை வாங்கலாம். 'இந்தத் துக்கடா தொகை எதுக்கு' என்று 1987-ல் அதை ஒழித்துவிட்டார்கள். யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. ஒரு உரிமையைப் பிடுங்கினால்தான் கூச்சல் வரும். அதைத் தேயவிட்டால் ஒரு சத்தமும் வராது.

மறுபடியும் 'யார் கேட்பது?'

அதற்குப் பதிலாக வந்தது, உதவித்தொகை வாங்கும் ஏழைகளுக்கு மட்டுமான ஒரு நிதி. கல்லறை அல்லது தகனக் கட்டணம் போக, சவப்பெட்டி, வண்டி போன்ற மற்ற செலவுக்கு 2003-லிருந்து அதிகபட்சம் 700 பவுண்டு. 2020 ஏப்ரலில்தான் அது 1,000 ஆச்சு. மறுபடியும் 17 வருஷம் ஹார்ட்கோட்! சாதாரண அடக்கம் ஒன்றுக்கு அங்கே சராசரியாக 4,000 பவுண்டுக்கு மேல் ஆகுது. விண்ணப்பித்தால், 'வேற நெருங்கின சொந்தம் யாராவது இதைக் கட்டலாமே?' என்று விசாரிப்பார்கள். பேசிப் பல வருஷம் ஆன அண்ணன் ஒருத்தர் இருந்து, அவர் உதவித்தொகை வாங்காதவர் என்றால் சிக்கல்தான்.

கட்ட முடியாதவர்களுக்கு இன்றும் கவுன்சில் அடக்கம் இருக்கு, 1984 பொது சுகாதாரச் சட்டத்தின் 46-வது பிரிவில். சட்டத்தின் பெயரைக் கவனியுங்க. 'நோய்க் கட்டுப்பாடு'. 1948-ல் தேசிய உதவியாக இருந்தது, 1984-ல் சுகாதாரப் பிரச்சினையாக மாறிப்போச்சு. தூக்கியவர்களுக்குப் பீர் வாங்கிக் கொடுத்த பழைய பங்குக் கணக்கர் இந்தப் பெயரைக் கேட்டால் என்ன நினைப்பார்?

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. கரோலின் ஹாரிஸ் என்ற வேல்ஸ் எம்.பி.யின் எட்டு வயது மகன் 1989-ல் விபத்தில் இறந்தான். அடக்கத்துக்குக் காசில்லாமல், அக்கம்பக்கத்தார் கொடுத்ததோடு கடனும் வாங்கினார். பிற்பாடு எம்.பி. ஆனபோது, பிள்ளையை இழந்தவர்களிடம் அரசாங்கம் பில் நீட்டக் கூடாது என்று விடாமல் போராடினார். 2017-ல் வேல்ஸ் ஒப்புக்கொண்டது. 2019 ஜூலையிலிருந்து இங்கிலாந்திலும், 18 வயதுக்குக் கீழே இறப்பவர்களின் அடக்க, தகனக் கட்டணங்களை ஒரு தனி நிதி ஏற்குது. குடும்ப வருமானம் என்ன என்று கேட்பதில்லை. லாம்பெத் பில்லில் இருந்த முதல் வரிக்குப் பதில் வர 106 வருஷம் ஆச்சு.

'வெள்ளைக்காரன் கதை நமக்கு எதுக்கு?' என்று யாராவது கேட்கலாம். அந்த 1832 சட்டத்தின் பேரப்பிள்ளைகள் நம்ம நாட்டிலும் இருக்கு. 1949 பம்பாய் உடற்கூறியல் சட்டம் ஒரு உதாரணம். அதிலும் அதே 'யாரும் உரிமை கோராத உடல்'தான். நம்ம செய்தித்தாளில் மூன்றாம் பக்க மூலையில், அரசு ஆஸ்பத்திரி பிணவறையில் இத்தனை 'உரிமை கோரப்படாத சடலங்கள்' என்று அடிக்கடி நாலு வரி வரும். பாவம், யாருமில்லாதவங்க போல என்று நினைத்துவிட்டுச் சினிமா பக்கம் திருப்பிடுவோம்.

அடுத்த முறை அந்தச் செய்தி கண்ணில் பட்டால் ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த ஆளுக்கு யாருமே இல்லையா? இல்லை, சேதி தெரிந்தும் பஸ் காசும் வண்டி வாடகையும் குழிக் கூலியும் இல்லாமல் எங்கேயோ ஒரு வீட்டில் யாராவது வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார்களா? இரண்டும் ஒன்றில்லை. ஆனால் பிணவறை ரிஜிஸ்டரில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான் இருக்கு.

உங்க ஊர்ப் பக்கம் வசதியில்லாத வீட்டில் சாவு விழுந்தால் செலவை யார் ஏற்கிறார்கள்? தெருவா, ஜமாத்தா, பங்கா, சங்கமா, பஞ்சாயத்தா? தெரிந்தவர்கள் எழுதுங்க. இந்த மாதிரிக் கணக்கையெல்லாம் நம்மூரில் யாரும் எழுதி வைப்பதில்லை.